ஏறுக, இறங்குக: வானை வழிநடத்தும் சொற்களின் வரலாறு

(நீண்ட பதிவு)

பெல்லாரிக்கும் மீனம்பாக்கத்துக்கும் இடையே வரைபடத்தில் ஒரு நேர்கோடு இழுத்தால், அது சந்திரகிரிக் கோட்டையை ஒட்டிச் செல்லும். இந்தக் கோட்டுக்கு இந்திய வான்பயண வரலாற்றில் ஓர் இடமுண்டு. 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாடா அஞ்சல் பைகளுடன் ஒற்றை எஞ்சின் கொண்ட புஸ் மாத் விமானத்தில் கராச்சியிலிருந்து புறப்பட்டு, அகமதாபாத் வழியாகப் பம்பாய் சேர்ந்தார். அங்கிருந்து அஞ்சலை ஏற்றுக்கொண்ட நெவில் வின்சென்ட், பெல்லாரியில் இரவு தங்கி, மறுநாள் மதராஸை அடைந்தார். விமானத்தில் வானொலிக் கருவி கிடையாது. மலையையும் ஆற்றையும் இருப்புப்பாதையையும் கண்ணால் கண்டே திசை தேர வேண்டும். ஏறு என்றோ இறங்கு என்றோ சொல்லத் தரையில் எவரும் இல்லை; சொன்னாலும் கேட்க வழியில்லை.

இன்று அதே வானில் செல்லும் ஒவ்வொரு பயணிகள் விமானமும் ஒரு குரலின் பொறுப்பில் செல்கிறது. அந்தக் குரல் பேசும் மொழிக்கு ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றின் மிக அண்மைக் கிளை ஒன்றை முன்வைத்து இப்பதிவை எழுதுகிறேன். இணையவழி ஃப்ளைட் சிமுலேட்டர் வலையமைப்புகளில் வீட்டுக் கணினிமுன் அமர்ந்து விமானம் ஓட்டுவோர் பலர் குறித்த நாளில், குறித்த நேரத்தில், ஒரே வழித்தடத்தில் கூட்டமாகப் பறப்பதுண்டு. அதைக் குழுப் பறத்தல் என்று அழைக்கலாம். அவர்களுக்கு வழிவிடவும் நிறுத்தவும் இறக்கவும் ஊதியமின்றிச் சிலர் கட்டுப்பாட்டாளர்களாக அமர்கின்றனர். அங்கே விமானம் மெய்யன்று; ஓடுபாதை மெய்யன்று; விழுந்தால் எவரும் இறப்பதில்லை. ஆயினும் உயிரிழப்புகளால் செதுக்கப்பட்ட அந்த மொழியை அவர்கள் எழுத்துப் பிசகாமல் பேசுகின்றனர். ஏன்? மொழியியல் பயின்ற எனக்கு இவ்வினா விளையாட்டைப் பற்றியதாகத் தோன்றவில்லை. ஒரு சொல் பிறரைக் கட்டுப்படுத்தும் ஆற்றலை எங்கிருந்து பெறுகிறது என்பதே இதன் உள்ளீடு.

முதலில் இடத்தைப் பார்ப்போம். விஜயநகர அரசின் பிற்கால மன்னர்கள் சந்திரகிரியைத் தலைநகராகக் கொண்டிருந்தனர். அவர்களுக்குக் கீழ்ப்பட்ட தாமர்ல வேங்கடப்ப நாயக்கர் 1639இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வழங்கிய கடற்கரை நிலத்திலிருந்தே மதராஸ் என்னும் நகரம் வளர்ந்தது. ஆக, மதராஸின் மண் சந்திரகிரி அரசின் ஆளுகையிலிருந்து கைமாறியது. இன்றோ சந்திரகிரியின் வான் சென்னையின் பொறுப்பில் இருக்கிறது. இந்திய வான்வெளி தில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை என நான்கு பெரும் பறப்புத் தகவல் வட்டாரங்களாகப் பகுக்கப்பட்டுள்ளது. சந்திரகிரிக்குக் கிழக்கே ரேணிகுண்டாவில் அமைந்த திருப்பதி விமான நிலையம் சென்னை வட்டாரத்தைச் சேர்ந்தது. நிலையத்தின் கோபுரம் தன் ஓடுபாதையையும் அதைச் சூழ்ந்த வானையும் கவனிக்கும். அதற்கு மேலே உயரத்தில் செல்வோர் சென்னையோடு பேசுவர்.

இந்த உறவு குறியீடுகளிலும் பதிந்திருக்கிறது. திருப்பதி நிலையத்தின் பன்னாட்டுக் குறியீடு வி-ஓ-டி-பி. முதலெழுத்து தெற்காசியாவையும் அதனை அடுத்த நாடுகளையும் உள்ளடக்கிய பெருவட்டாரத்தைச் சுட்டும். இரண்டாம் எழுத்து தென்னிந்தியாவைச் சுட்டும். எஞ்சிய இரண்டும் ஊர்ப்பெயரைச் சுட்டும். சென்னையின் குறியீடு வி-ஓ-எம்-எம். நகரத்தின் பெயர் 1996இல் மாறியபோதும் குறியீட்டில் பழைய மதராஸின் எம் மாறவில்லை. பயணச்சீட்டில் அச்சாகும் எம்-ஏ-ஏ என்னும் மூவெழுத்தும் அவ்வாறே. வான்பயணத்தின் மொழி, மாற்றத்தை எளிதில் ஏற்காத மொழி. அதற்கான காரணத்தைப் பின்னர் காண்போம்.

1639ஆம் ஆண்டின் அந்தக் கொடையில் இன்னொரு செய்தியும் நமக்குரியது. பேச்சு துபாஷிகள் வழியாக நடந்தது. கோட்டை கட்டும் செலவை நாயக்கர் ஏற்பார் என்றே ஆங்கிலேயர் எண்ணியிருந்தனர், நடந்தது வேறு. ஒருவர் சொன்னதற்கும் மற்றவர் கொண்டதற்கும் இடைவெளி இருந்தது. அது வெளிப்பட்டுச் சரிசெய்துகொள்ள அவர்களுக்குக் காலமும் இருந்தது. வானில் அந்தக் காலம் கிடைப்பதில்லை. சொன்னதும் கொண்டதும் ஒன்றுதானா என்று சில நொடிகளுக்குள் தெரிந்தாக வேண்டும். வான்போக்குவரத்து மொழியின் வரலாறு முழுவதும் இந்த ஒரு தேவையைச் சுற்றியே நடக்கிறது.

தொடக்கத்தில் அது சொல்லாகவே இல்லை, கொடியாக இருந்தது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் 1929இல் ஆர்ச்சி லீக் என்பவர் ஓடுபாதை ஓரத்தில் நின்று, போகலாம் என்பதற்கு ஒரு கொடியும் நில் என்பதற்கு மற்றொரு கொடியும் அசைத்தார். 1935 இறுதியில் நியூவார்க்கில் விமான நிறுவனங்கள் சேர்ந்து அமைத்த மையத்தில் வரைபடத்தின்மேல் அடையாளக் கட்டைகளை நகர்த்தி விமானங்களின் இடத்தைக் கணித்தனர். வானொலி பரவியபின் கொடி சொல்லாயிற்று. சொல்லானதும் மொழிச்சிக்கல் தொடங்கிற்று. இரைச்சலுக்கு நடுவே, ஒரே அலைவரிசையில், வெவ்வேறு தாய்மொழியினர் பேசும் ஆங்கிலம் ஒருவருக்கொருவர் விளங்க வேண்டும். எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்ல ஆல்ஃபா, பிராவோ, சார்லி எனத் தொடங்கும் சொல்வரிசை 1956 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. எண்களின் ஒலிப்பும் மாற்றப்பட்டது. மூன்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் டிரீ ஆயிற்று. ஐந்து ஃபைஃப் ஆயிற்று. ஒன்பது நைனர் ஆயிற்று. ஐந்துக்கும் ஒன்பதுக்கும் உரிய ஆங்கிலச் சொற்களில் உயிரொலி ஒன்றே. இரைச்சலில் மெய்யொலி மங்கினால் இரண்டும் ஒன்றாகிவிடும் என்பதை எண்ணினால் இம்மாற்றத்தின் பயன் விளங்கும். இந்தியாவில் இம்மொழியைக் கற்பிக்க 1948இல் அலகாபாத்தில் ஒரு பயிற்சிக் கல்லூரி தொடங்கப்பட்டது.

பின்வந்த இலக்கணத்தைப் பேரிடர்கள் எழுதின. மூன்றை மட்டும் குறிப்பிடுகிறேன்.

1977 மார்ச் 27. கனேரித் தீவுகளில் ஒன்றான டெனெரிஃபில் மூடுபனி. டச்சு நிறுவனத்தின் 747 ஓடுபாதையின் முனையில் நிற்கிறது. அமெரிக்க நிறுவனத்தின் 747 அதே ஓடுபாதையில் ஊர்ந்து வருகிறது. டச்சு விமானத்திலிருந்து, தாங்கள் டேக்-ஆஃப் நிலையில் இருப்பதாகப் பொருள்படும் தெளிவற்ற ஒரு தொடர் வருகிறது. புறப்படக் காத்திருக்கிறார்கள் என்று கோபுரம் கொள்கிறது. அவர்களோ ஓடத் தொடங்கிவிட்டார்கள். கோபுரம் முதலில் சரி என்று சொல்லி, பிறகு காத்திருக்கச் சொல்கிறது. அதே கணத்தில், நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம் என்று அமெரிக்க விமானமும் பேசுகிறது. இரு குரல்கள் ஒரே அலைவரிசையில் மோதியதால், டச்சு விமானிகளுக்குக் கேட்டது ஒரு சீழ்க்கையொலி. இறந்தோர் 583 பேர். அதன்பின் டேக்-ஆஃப் என்னும் சொல் கிளம்புவதற்கான அனுமதியைத் தரும்போதோ திரும்பப் பெறும்போதோ மட்டுமே ஒலிக்கலாம் என்ற நெறி நிலைபெற்றது. பிற இடங்களில் டிபார்ச்சர் என்றே சொல்ல வேண்டும். ஒரு சொல்லை ஒரே வினைக்கு ஒதுக்கிவைத்த இத்தகைய நிகழ்ச்சி மொழி வரலாற்றில் அரிது.

1989 பிப்ரவரி 19. கோலாலம்பூருக்கு அருகே சுபாங் நிலையத்தை நெருங்கிய சரக்கு விமானம் ஒன்றை 2,400 அடிக்கு இறங்கச் சொல்கிறார் கட்டுப்பாட்டாளர். எண்களை ஒவ்வொன்றாக டூ, ஃபோர், ஸீரோ, ஸீரோ என்கிறார். முதல் டூ, இரண்டு என்னும் எண். விமானிகளோ அதை வேற்றுமைப் பொருள் தரும் இடைச்சொல்லாகக் கொண்டு, 400 அடிக்கு இறங்குமாறு சொல்வதாக எண்ணிக்கொண்டனர். விமானம் மலைச்சரிவில் மோதியது. அதிலிருந்த நால்வரும் இறந்தனர். எண்ணுப்பெயருக்கும் வேற்றுமை உருபு போன்ற ஒரு சிறு சொல்லுக்கும் ஒலிப்பில் வேறுபாடின்மை, நான்கு உயிர்களைக் கொண்டது.

1996 நவம்பர் 12. அரியானாவின் சர்க்கி தாத்ரி. தில்லியிலிருந்து புறப்பட்ட சவுதி விமானம் 14,000 அடிக்கு ஏற அனுமதி பெற்றது. தில்லியை நோக்கி வந்த கசகஸ்தான் விமானம் 15,000 அடிவரை இறங்க அனுமதி பெற்றது. இரண்டுக்கும் வழித்தடம் ஒன்றே. அக்காலத் தில்லி ரேடார் உயரத்தைக் காட்டாது. விமானி சொல்லும் சொல்லே உயரம். கசகஸ்தான் விமானத்தில் வானொலியில் பேசுவதற்குத் தனி ஊழியர் இருந்தார். விமானம் அனுமதிக்கப்பட்ட உயரத்துக்குக் கீழே இறங்கிற்று, இரண்டும் மோதின. 349 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. நீதியரசர் ஆர்.சி. லகோட்டி தலைமையிலான விசாரணை இந்த அனுமதியற்ற இறக்கத்தையே காரணமாகக் கண்டது. விமானிகளின் ஆங்கிலப் புரிதலில் இருந்த குறையும் பேசப்பட்டது. பன்னாட்டு வான்பயண அமைப்பு 2003இல் ஏற்று, 2008 மார்ச்சில் நடைமுறைப்படுத்திய மொழித்தேர்ச்சி விதிகளுக்கு இத்தகைய விபத்துகளே பின்னணி. உச்சரிப்பு, வாக்கிய அமைப்பு, சொல்வளம், சரளம், புரிதல், உரையாடல் என ஆறு கூறுகளில், ஆறு நிலைகள். குறைந்தது நான்காம் நிலை எய்தியோரே பன்னாட்டு வானில் பேசலாம்.

இம்மூன்று நிகழ்ச்சிகளும் நம் வட்டாரத்துக்கு அயலானவை அல்ல. ரேணிகுண்டா நிலையம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 100 மீட்டர் உயரத்தில் உள்ளது. அதற்கு மேற்கே எழும் திருமலையோ ஏறத்தாழ 850 மீட்டர். சுபாங்கில் சொல்லப்பட்ட 2,400 அடி என்பது 730 மீட்டர். அது திருமலையின் உயரத்துக்கும் கீழே. மூடுமேகத்தில் மேற்கிலிருந்து வரும் விமானத்துக்குப் பிழையின்றிச் சொல்லப்பட்ட அதே எண்கூட, சொல்லப்பட்ட இடம் தவறினால் மலையில் மோதச் செய்துவிடும். எண்ணும் இடமும் ஒன்றுக்கொன்று பொருந்தியாக வேண்டும்.

இனி இணையக் கிளைக்கு வருவோம். 1997இல் ஸ்குவாக்பாக்ஸ் என்னும் துணைமென்பொருள் வந்தபின், மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரில் தனித்தனியே பறந்தோர் ஒரே வானில் சேர்ந்து பறக்க முடிந்தது. கட்டுப்பாட்டாளர்களுக்கான ரேடார் திரையைப் புரோகன்ட்ரோலர் என்னும் மென்பொருள் அளித்தது. இவ்விரண்டையும் அடித்தளமாகக் கொண்டு சாட்கோ என்னும் அமைப்பு தோன்றிற்று. 1998இல் அதிலிருந்து பிரிந்தோர் ஐ.வி.ஏ.ஓ.வை அமைத்தனர். 2001 ஜூலையில் வாட்சிம் பிறந்தது. இன்றும் இவ்விரு வலையமைப்புகளே உலக அளவில் முதன்மையானவை; இரண்டிலும் இந்திய வான்வெளிக்கெனத் தனிப் பிரிவுகள் உள்ளன. அமர்வோர் எவரும் ஊதியம் பெறுவதில்லை. ஆயினும் நினைத்தவர் நினைத்த இடத்தில் அமர்ந்துவிட முடியாது. தரை, கோபுரம், அணுகுமுறை, வட்டார மையம் எனப் படிப்படியாகப் பயிற்சியும் தேர்வும் உண்டு. வாட்சிமில் சேரக் குறைந்த வயது 13. ஆகவே, பள்ளி மாணவர் ஒருவர் தம் தந்தையின் வயதுடைய விமானிக்கு ஓடுபாதைக்கு வெளியே நிற்குமாறு ஆணையிடுவது அங்கே இயல்பு.

தொடக்க ஆண்டுகளில் பேச்சு பெரும்பாலும் எழுத்தாக நடந்தது. கட்டுப்பாட்டாளர் தட்டச்சு செய்வார். விமானி தட்டச்சில் விடையளிப்பார். பின்னர்க் குரல் வந்தது. 2019 அக்டோபரில் வாட்சிம் கொண்டுவந்த புதிய ஒலியமைப்பு, வானொலியின் எட்டும் தொலைவையும், இருவர் ஒருசேரப் பேசினால் குரல்கள் அடைபடுவதையும் பாவனை செய்கிறது. டெனெரிஃபின் சீழ்க்கையொலி நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு வீட்டுக் கணினியின் ஒலிபெருக்கிக்குள் வந்து சேர்ந்தது.

குழுப் பறத்தலை வழிநடத்துவது எத்தகைய வேலை என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். சென்னையிலிருந்து திருப்பதிக்கு 20 விமானங்கள் செல்வதாகக் கொள்வோம். தொலைவு நேர்கோட்டில் ஏறத்தாழ 100 கி.மீ.; பறக்கும் நேரம் சுமார் 20 நிமிடம். சென்னையில் இரண்டு நிமிடத்துக்கு ஒன்றாகக் கிளப்பினால், கடைசி விமானம் 38ஆம் நிமிடத்தில் புறப்பட்டுவிடும். சென்று சேருமிடத்தில் ஒற்றை ஓடுபாதை. இறங்கிய விமானம் முனைவரை ஓடி, திரும்பி, அதே ஓடுபாதையில் ஊர்ந்து வெளியேற வேண்டும் என்றால், ஒரு விமானத்துக்கு ஐந்து நிமிடம் ஆகும் என வைத்துக்கொள்வோம். முதல் விமானம் 20ஆம் நிமிடத்தில் இறங்கும். இருபதாவது விமானம் 115ஆம் நிமிடத்தில்தான் இறங்க முடியும். அது 58ஆம் நிமிடத்திலேயே வந்துவிடுமாதலால், ஏறத்தாழ ஒரு மணிநேரம் வானில் வட்டமிட வேண்டும். மேற்கே மலை, கீழே ஓடுபாதை நிறைந்திருக்கிறது, ஒவ்வொருவரையும் ஆயிரம் அடி இடைவெளியில் அடுக்கி, கீழ்த்தட்டு காலியானதும் மேலுள்ளோரை ஒவ்வொரு தட்டாக இறக்க வேண்டும். ஒவ்வோர் இறக்கமும் ஓர் ஆணை. ஒவ்வோர் ஆணைக்கும் ஒரு மறுமொழி. அலைவரிசை நிரம்பி வழியும்.

இதற்குத் தீர்வு வானில் இல்லை. சென்னையின் தரையில் இருக்கிறது. ஐந்து நிமிடத்துக்கு ஒன்றாகக் கிளப்பினால், கடைசி விமானம் 95ஆம் நிமிடத்தில் புறப்பட்டு, 115ஆம் நிமிடத்தில் இறங்கும். முடியும் நேரம் இரண்டு முறையிலும் ஒன்றே. வேறுபாடு, காத்திருப்பு எங்கே நிகழ்கிறது என்பதில்தான். நற்பயிற்சி பெற்ற கட்டுப்பாட்டாளர் புறப்பாட்டு அனுமதியைத் தாமதப்படுத்துகிறார்; பொறுமையற்ற விமானிகள் முணுமுணுக்கின்றனர். பெரிய நிகழ்வுகளில் புறப்படும் நேரத்தை முன்கூட்டியே ஒதுக்கிக் கொடுக்கும் முறை இதனால்தான் வந்தது. அட்லாண்டிக் பெருங்கடலைக் கடக்க வாட்சிம் நடத்தும் கூட்டுப் பறத்தலில் இவ்வாறே நேரம் ஒதுக்கப்படுகிறது. மெய்யான விமான நிலையங்களும் இதே கணக்கைத்தான் போடுகின்றன.

இப்பொழுது மொழிக்குத் திரும்பலாம். இந்தப் பேச்சில் விடையின் வடிவம் தனித்தன்மை வாய்ந்தது. நன்னூல் விடையை எட்டாக வகுக்கிறது. அவற்றுள் நேர்தல், மறுத்தல் ஆகியவற்றை இங்கும் காணலாம். வில்கோ என்பது ஆணையை ஏற்று ஒழுகுவேன் என்னும் நேர்தல். அனேபிள் என்பது மறுத்தல். ஆனால் ரோஜர் என்னும் புகழ்பெற்ற சொல் எந்த வகையில் சேரும்? பொதுமக்கள் அதை ஆம் என்று கொள்கின்றனர். அதன் பொருள் அதுவன்று. நீங்கள் கடைசியாகச் சொன்னது முழுவதும் என்னை வந்தடைந்தது என்பது மட்டுமே. அதில் ஏற்பும் இல்லை, மறுப்பும் இல்லை. உள்ளடக்கத்துக்கு விடைகூறாமல், சொல் வந்து சேர்ந்ததற்கு மட்டும் சான்று கூறும் மறுமொழி அது. அதனினும் விந்தையானது, கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்லும் ரீட்பேக். உயரம், திசை, ஓடுபாதை எண் முதலியன வரும்போது, வில்கோவும் போதாது, ரோஜரும் போதாது. ஆணையையே விமானி தன் அழைப்புப்பெயருடன் திரும்பக் கூற வேண்டும். கட்டுப்பாட்டாளர் அதைச் செவிகொடுத்து ஒப்பிட வேண்டும். திருப்பிச் சொல்வது பணிவின் அடையாளமாகத் தோன்றலாம். உண்மையில் அது பொறுப்பைப் பங்கிடும் செயல். திருப்பிச் சொன்னது தவறாயிருந்து கட்டுப்பாட்டாளர் திருத்தாவிட்டால், பிழை இருவருடையது.

ஜே.எல். ஆஸ்டின் என்னும் மெய்யியலாளர், சொல்வதாலேயே செயலாகும் கூற்றுகளைப் பற்றி 1955இல் நிகழ்த்திய சொற்பொழிவுகள் மொழியியலார் அறிந்தவை. கிளியர்ட் என்பது அத்தகைய சொல்லுக்குச் சிறந்த எடுத்துக்காட்டு. உரிய இடத்தில் அமர்ந்தவர் சொன்னால் வழி திறக்கிறது. வேறெவர் சொன்னாலும் அது வெற்றொலி. ஆனால் மேடையில் நடிகர் சொல்லும் அத்தகைய கூற்றை ஆஸ்டின் உள்ளீடற்றதெனத் தம் ஆய்விலிருந்து ஒதுக்கினார். அவ்வளவுகோலின்படி இணையக் கட்டுப்பாட்டாளரின் கிளியர்ட் உள்ளீடற்றது. அவர் ஒரு நடிகர். ஓடுபாதை ஓர் அரங்கு.

இந்த இடத்தில்தான் நான் மாறுபடுகிறேன். நடிகரின் ஆணைக்கு எதிர்நிற்கும் நடிகர் என்ன செய்வார் என்பது முன்பே எழுதப்பட்டிருக்கும். இணைய வானில் அப்படி எதுவும் எழுதப்படவில்லை. இருபது பேர் ஒரே அலைவரிசையில் காத்திருக்கின்றனர். ஆணை பிழையானால் அடுக்கு குலையும். ஒருவர் ரீட்பேக்கைத் தவறவிட்டால் அவருக்குப் பின்னால் பத்துப்பேர் வட்டமிடுவர். இருவர் ஓடுபாதையில் ஒன்றாக நின்றால், பல வாரங்களாகத் திட்டமிட்ட ஒரு மாலை பாழாகும். சாவு இல்லை, ஆனால் பிறரின் காலமும் உழைப்பும் மெய்யாகவே அச்சொல்லின்மேல் தங்கியிருக்கின்றன. ஆகையால் ஆணை மெய்யாகவே கட்டுப்படுத்துகிறது.

அவர்கள் மெய்யுலகைப் போலச் செய்வதில் மகிழ்கிறார்கள், அவ்வளவே என்று ஒருவர் கூறலாம். தொடக்கத்துக்கு அது போதிய காரணமே. நிலைத்தமைக்குப் போதாது. எழுத்துவழிக் காலத்தை எண்ணிப் பாருங்கள். திரையில் ஆணை அழியாமல் நிற்கிறது, இரைச்சல் இல்லை, காதில் பிழைபட வாய்ப்பில்லை. அப்பொழுதும் திருப்பித் தட்டச்சு செய்யும் வழக்கம் நின்றது. ஏனெனில், செய்தி வந்து சேர்ந்ததா என்பதோடு, விமானி அதைத் தன்னுடையதாகக் கொண்டாரா என்பதும் கட்டுப்பாட்டாளருக்குத் தெரிய வேண்டியிருந்தது. மேலும் அவர்கள் எல்லாவற்றையும் போலச் செய்வதில்லை. வாட்சிமின் நடத்தை விதிகள் விமானக் கடத்தலைப் பாவனை செய்வதை அறவே தடைசெய்கின்றன. எஞ்சின் கோளாறு முதலிய நெருக்கடிகளை அறிவிக்கலாம். ஆனால் கட்டுப்பாட்டாளர் நிறுத்தச் சொன்னால் நிறுத்த வேண்டும், அல்லது வலையமைப்பிலிருந்து விலக வேண்டும். மெய்வானில் நெருக்கடிக்கே முதலிடம். இங்கே சேர்ந்து பறப்போருக்கே முதலிடம். எதைப் போலச் செய்வது, எதை விடுவது என்று தெரிந்தெடுக்கும் சமூகத்தைப் போலிசெய்யும் சமூகம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. அச்சம் நீங்கியபின்னும் எந்த விதிகள் நிற்கின்றன என்று காட்டும் ஆய்வுக்களமாக அது எனக்குத் தெரிகிறது. பலர் ஒருவரின் சொல்லை நம்பி நகரும் இடங்களில் ரீட்பேக் நிற்கிறது.

தமிழுக்கு இதில் என்ன இருக்கிறது? வானின் பொதுமொழி ஆங்கிலம். அதை மாற்றச் சொல்வது என் நோக்கமன்று. சென்னையை அழைக்கும் குரல்கள் சில வணக்கம் என்று தொடங்குவதுண்டு; அந்த ஒரு சொல் விளிம்பில் நிற்கிறது, ஆணைக்குள் நுழைவதில்லை. ஆயினும் கற்பனையாக ஒரு தமிழ் வடிவத்தைச் சமைத்துப் பார்ப்பது மொழியமைப்பைப் பற்றிப் பலவற்றைக் கற்பிக்கும். முதற்சிக்கல் மதிப்புச்சொல். பேச்சுத் தமிழில் ஏவும்போது நீ, நீங்கள் என்னும் இரண்டனுள் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். பதினாறு வயதுக் கட்டுப்பாட்டாளர் அறுபது வயது விமானியிடம் ஏறு என்பாரா, ஏறுங்கள் என்பாரா? ஆங்கில வான்மொழி முன்னிலைப் பெயரையே தவிர்த்து அழைப்புப்பெயரால் விளிப்பதால் இத்தேர்வு எழுவதில்லை. தமிழில் இதற்கு ஆயத்தமாக ஒரு வடிவம் உண்டு: வியங்கோள். ஏறுக, இறங்குக, நிற்க. அது எவ்வயதினருக்கும் பொருந்தும். பணிவும் இல்லை, அவமதிப்பும் இல்லை. தேர்வுத்தாளிலும் அறிவிப்புப் பலகையிலும் நாம் அதை நாளும் காண்கிறோம்.

இரண்டாம் சிக்கல் ஒலி. ஏழு என்னும் எண்ணும் ஏறு என்னும் ஏவலும் இரைச்சலில் எவ்வளவு நெருங்கி ஒலிக்கும் என்பதைச் சொல்லிப் பாருங்கள். சுபாங்கில் டூ என்னும் ஒலி செய்ததை இங்கே இவ்விணை செய்யக்கூடும். ஏறுக என்னும் வியங்கோள் இறுதியில் ஓர் உயிர்மெய்யை ஏற்பதால் அந்த ஆபத்தும் குறைகிறது. இலக்கணம் கற்ற ஒருவருக்கு இதைவிட இனிய சான்று வேண்டுமா? பழமையின் அடையாளமெனக் கருதப்படும் ஒரு வினைமுற்று, ரேடார் திரைக்கு முன்னால் தன் பயனைக் காட்டுகிறது.

செந்தமிழும் வான்மொழியும் ஒரு வகையில் உறவினர். இரண்டையும் எவரும் தாயிடமிருந்து கற்பதில்லை; இரண்டும் பயிற்சியால் வருபவை; இரண்டும் மாற்றத்தை ஐயத்தோடு பார்ப்பவை. வான்மொழியின் இறுக்கத்துக்குக் காரணம் இப்போது தெளிவு. அதன் ஒவ்வொரு சொல்லையும் மாற்றும்போது, அச்சொல்லை நம்பிப் பழகிய எல்லோரையும் ஒருசேர மாற்ற வேண்டும். குறியீட்டில் மதராஸின் எம் இன்றும் நிற்பதும் இதனாலேயே.

இறுதியாக ஒரு வேண்டுகோள். காகிதப் பட்டைகளில் விமானங்களின் உயரத்தை எழுதி, அடித்து, மீண்டும் எழுதிக் கட்டுப்படுத்திய தலைமுறை மீனம்பாக்கத்தில் பணியாற்றி ஓய்வுபெற்றிருக்கிறது. அவர்கள் எந்தச் சொல்லை எப்போது கைவிட்டார்கள், எந்தப் பிழையிலிருந்து எந்தச் சொல்லைக் கற்றார்கள் என்பவை அவர்கள் நினைவில் உள்ளன. உங்கள் குடும்பத்தில் அத்தகையோர் இருந்தால், அவர்கள் பேச்சைக் கைப்பேசியில் பதிவுசெய்து வையுங்கள். இணைய வலையமைப்புகளில் சென்னையாகவோ திருப்பதியாகவோ அமர்ந்த இளைஞர்கள், பழைய தட்டச்சு உரையாடல்களையும் பயிற்சிக் குறிப்புகளையும் அழித்துவிடாமல் வைத்திருங்கள். கணினியை மாற்றும்போது முதலில் தொலைபவை அவையே. கல்வெட்டில் ஏறாத மொழி அது. ஒலித்த கணத்திலேயே காற்றில் கரைவது. அதைப் பேசியவர்களும் சேர்த்துவைத்தவர்களும் தந்தால்தான் அதற்கு வரலாறு எழுத முடியும்.